புளியமரத்தில் கட்டிய கம்பி: ஒரு தோட்டம், ஒரு இட்டேரி, மூன்று உரிமைகள்

டீச்சரம்மா வீட்டு இன்டர்நெட் லைன் செத்துப் பதினோராம் நாள் என்னைக் கூப்பிட்டார்கள். அதற்குள் பக்கத்துத் தோட்டத்துப் புளியமரத்தில் ஒரு கிளை வெட்டப்பட்டு, அது விழுந்த வேகத்தில் மோட்டார் ரூமுக்குப் போகிற கரண்ட் வயர் அறுந்து, போலீஸ் வரைக்கும் போய்விட்டது விஷயம். முதல் நாளே கூப்பிட்டிருந்தால் ஒரு ஏணியோடும் ஒரு நல்ல வார்த்தையோடும் முடிந்திருக்கும். நான் தொலைபேசி லைன் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். இப்படி ஒரு கம்பிக்கும் ஒரு மரத்துக்கும் நடுவில் இரண்டு குடும்பம் பேச்சை நிறுத்தியதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். இந்த வழக்கை முழுதாக எழுதி வைப்பது, இதே நிலைமையில் நிற்கிற யாருக்காவது உதவும் என்பதற்காக.

ஊர், கொழிஞ்சாம்பாறைக்கும் வேலந்தாவளத்துக்கும் இடையில். பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் தாலுகாவின் கிழக்கு ஓரம். ரோட்டுக்கடையில் மலையாளப் போர்டு, கடைக்குள் தமிழ்ப் பேச்சு. வீடு ஒரு மாநிலத்திலும் நிலம் இன்னொரு மாநிலத்திலும் உள்ள குடும்பங்கள் இங்கே நிறைய. டீச்சரம்மா தமிழ் மீடியம் பள்ளியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், தனியாக இருக்கிறார். அண்ணன் மகன் ஒருவன் (தம்பி என்றுதான் நான் கூப்பிடுவேன்) கூடத் தங்கி, வீட்டிலிருந்தபடியே கம்பெனி வேலை செய்கிறான். அந்த வீட்டில் கைபேசி முன்னறையில் கேரள டவரையும் சமையலறையில் தமிழ்நாட்டு டவரையும் பிடிக்கும், நடுவில் பேச்சு அறுந்துபோகும். அதனால் அவர்களுக்குக் கம்பி வழி இணைப்பு முக்கியம்.

தோட்டத்துக்காரர் பொள்ளாச்சிப் பக்கம் குடியிருக்கிறார். தென்னந்தோப்பைக் குத்தகைக்காரர் பார்த்துக்கொள்கிறார். தோப்பின் நடுவில் அந்தப் புளியமரம்.

கம்பியின் பின்னால் நடந்தது

எந்தத் தகராறிலும் நான் முதலில் ஆட்களிடம் பேசுவதில்லை. கம்பியின் பின்னால் நடப்பேன். ரோட்டோரத் தூணில் வீட்டு இணைப்புகள் பிரிகிற டிபி பெட்டியில் தொடங்கி வீட்டுச் சுவர் வரைக்கும், எது எதில் தொங்குகிறது, எந்த மண்ணுக்கு மேலே போகிறது என்று டேப் பிடித்து அளந்து ஒரு தாளில் வரைந்துகொள்வேன். தாளில் வந்துவிட்டால் பாதிச் சத்தம் அடங்கும்.

ரோட்டுத் தூணிலிருந்து புளியமரம் 38 மீட்டர். மரத்திலிருந்து டீச்சர் வீட்டு மூலை 34 மீட்டர். நடுவில் தூண் கிடையாது. மரத்தின் கவட்டைக்குக் கீழே ஜி.ஐ. கம்பியை, அதாவது துத்தநாகம் பூசிய இரும்புக் கம்பியைச் சுற்றி, அதில் வீட்டுக்கு வருகிற டிராப் வயரை முடிந்திருந்தார்கள். பழைய செம்புக் கம்பி போன வழியிலேயே, அதையே பிடிமானமாக வைத்து, பின்னால் வந்த பையன்கள் ஃபைபரையும் கட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். மரத்தைச் சுற்றிய கம்பி பட்டைக்குள் புதைந்துபோயிருந்தது. இரண்டு பக்கமும் நுனி மட்டும் வெளியே தெரிந்தது.

மரத்தில் லைன் கட்டுவது தப்பு. அந்தத் தப்பை எங்கள் காலத்தில் நாங்களும் செய்தோம். இணைப்பு கேட்டவர் வாசலில் நிற்பார், தூண் வராது, எதிரில் ஒரு மரம் நிமிர்ந்து நிற்கும். கட்டிவிட்டு வருவோம். மரம் வளரும், ஆடும் என்பதை அன்றைக்கு யாரும் நினைப்பதில்லை. தூண் அசையாது, மரம் அசையும். பாலக்காட்டுக் கணவாய் மலைத்தொடரில் 30 கிலோமீட்டருக்கு மேல் அகலமான வாசல். ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து வருகிற காற்று முழுக்க அதில் நுழைந்து எங்கள் தலைக்கு மேலேதான் போகும். அம்மியும் பறக்கும் என்பார்களே, அந்தக் காற்றில் புளியங்கிளை நாள் முழுக்க மேலும் கீழும் போய் வந்தால் அதில் முடிந்த கம்பி என்ன ஆகும்?

செம்புக் கம்பி என்றால் முதலில் கரகரப்பு வரும். உரசி மேலுறை தேயும், மழைநீர் இறங்கும், பிறகுதான் சாகும். ஃபைபர் அப்படி முன்னறிவிப்புக் கொடுக்காது. அது கண்ணாடி இழை. ஒரு கிளை அதைத் தாங்கலில் வைத்து அழுத்தி வளைத்தால், வளைவில் ஒளி வெளியே கசிந்துவிடும். இழை அறுந்திருக்காது, ஆனால் வீட்டுக் கருவியில் சிவப்பு விளக்கு மின்னும். இந்த வீட்டில் காற்று ஓய்ந்த அதிகாலையில் இணைப்பு வந்து, பத்து மணிக்குப் போய்விடும் என்று தம்பி குறித்து வைத்திருந்தான். கோளாறு கருவியிலோ எக்ஸ்சேஞ்சிலோ இல்லை, மரத்தடியில்தான் என்று சொல்ல எனக்கு அந்தக் குறிப்பே போதுமாக இருந்தது.

கிளை விழுந்த கதை

கம்பெனிக்குப் புகார் கொடுத்தார்கள். வந்த பையன்கள் தோட்டத்துக்குள் போகக் குத்தகைக்காரர் விடவில்லை. "மொதலாளி விடக்கூடாதுன்னு சொல்லிட்டாருங்க" என்றார். பையன்கள், 'கஸ்டமர் பெர்மிஷன் வாங்கித் தரணும்' என்று எழுதிப் புகாரை மூடிவிட்டார்கள். இது இரண்டு முறை நடந்தது.

மூன்றாவது முறை தம்பி பொறுமை இழந்தான். மதில் ஏறித் தோப்புக்குள் குதித்து, மரத்தில் ஏறி, தொடை கனமுள்ள கிளையை மேலிருந்து அரிவாளால் வெட்டினான். அடிவெட்டு போடவில்லை, கயிறு கட்டவில்லை. பாதி வெட்டியதும் கிளை பாரம் தாங்காமல் மடங்கி, பட்டையை முழ நீளத்துக்கு உரித்துக்கொண்டு, ஊஞ்சல் மாதிரி வீசி, மோட்டார் ரூம் சர்வீஸ் வயர்மேல் விழுந்தது. அறுந்த கரண்ட் வயர் தொலைபேசிக் கம்பிமேல் கிடந்தது. அந்த நேரம் ஆடு மேய்க்கிறவர் யாரும் கீழே வராதது தெய்வாதீனம்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். தொலைபேசிக் கம்பியில் ஓடுவது 48 வோல்ட், மணி அடிக்கும்போது கூடும். ஃபைபரில் அதுவும் கிடையாது. 'டெலிபோன் வயர்தானே' என்று ஜனங்கள் கையால் தூக்குவது அந்தப் பழக்கத்தில்தான். விழுந்து கிடக்கிற டெலிபோன் வயர் இன்னொரு முனையில் எதைத் தொட்டுக்கொண்டிருக்கிறது என்பது நமக்குத் தெரியாது. மின்வாரியத்துக்குச் சொல்லி லைனை ஆஃப் செய்யாமல், விழுந்த எந்தக் கம்பியையும் தொடாதீர்கள். குச்சியால் தள்ளவும் வேண்டாம்.

தம்பி என்னிடம் சொன்ன நியாயம் ஒன்றுதான்: "நம்ம பக்கம் வந்த கிளைய நாம வெட்டலாம்னு சட்டமே இருக்குங்களே மாமா."

இருக்கிறது. அண்டை வீட்டு மரத்தின் கிளை நம் எல்லைக்குள் நீண்டால், எல்லைக்கோடு வரை நாம் வெட்டலாம். நீதிமன்றங்கள் ஏற்ற நியாயம் அது. ஆனால் நம் மண்ணில் நின்று வெட்ட வேண்டும். அவர் மண்ணில் கால் வைக்கக்கூடாது, வெட்டிய விறகும் காயும் அவருக்கே. இங்கே நடந்தது வேறு. அந்தக் கிளை டீச்சர் எல்லைக்குள் வரவே இல்லை. நான் வரைந்த தாளைக் காட்டினேன். மரமும் கிளையும் முழுக்க அவர் மண்ணுக்கு மேலேதான் இருந்தன. அங்கே விருந்தாளியாகப் போயிருந்தது கம்பி மட்டுமே. தாளைப் பார்த்தபின் தம்பி வாதாடவில்லை.

கம்பி யாருக்கு, மரம் யாருக்கு

கம்பி டீச்சருடையதுகூட இல்லை. வீட்டுச் சுவர் வரை அது கம்பெனியின் உடைமை. அதைக் காக்கிறேன் என்று சந்தாதாரர் அடுத்தவர் மரத்தை வெட்ட எந்த உரிமையும் இல்லை. அந்த வேலை கம்பெனிக்கு, அதுவும் சட்டம் சொன்ன வழியில்.

பழைய லைன்களெல்லாம் 1885-ஆம் ஆண்டு இந்தியத் தந்திச் சட்டத்தின் கீழ் போட்டவை. அதன் 10-ஆம் பிரிவு, லைன் போடுகிற அதிகாரிக்குத் தனியார் நிலத்தின் மேலேயும் கம்பி கொண்டுபோக அதிகாரம் கொடுத்தது. கூடவே மூன்று கடிவாளம்: நிலத்தில் பயன்படுத்தும் உரிமை மட்டுமே, வேறு உரிமை கிடையாது, சேதம் முடிந்தவரை குறைவாக இருக்க வேண்டும், ஆன சேதத்துக்கு முழு ஈடு தர வேண்டும். மரத்துக்குத் தனியாக 18-ஆம் பிரிவு. தகவல் தொடர்புக்கு இடையூறான மரத்தை அகற்ற அதிகாரி மாஜிஸ்ட்ரேட்டிடம் மனுப் போட வேண்டும். லைன் வருவதற்கு முன்பே இருந்த மரம் என்றால், உரிமையாளருக்கு மாஜிஸ்ட்ரேட் நியாயமான ஈடு தீர்மானிப்பார். பின்னால் முளைத்த மரத்துக்கு இது கிடையாது. மின்கம்பிக்கும் 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 68-ஆம் பிரிவில் இதே கணக்குத்தான்.

ஆக, முந்தியது மரமா கம்பியா என்பதில்தான் பணம் இருக்கிறது. இங்கே சாட்சி மரமே. கம்பி அவ்வளவு ஆழத்தில் புதைந்திருந்தால், கட்டிய நாளிலேயே அது கம்பியைத் தாங்குகிற அளவுக்குப் பருத்த மரம். கம்பியைக் கட்டியவர்களே மரம் மூத்தது என்று எழுதிக் கொடுத்த மாதிரி.

இப்போது காலம் மாறியிருக்கிறது. 2023-ஆம் ஆண்டு தொலைத்தொடர்புச் சட்டத்தில், கம்பி கொண்டுபோகிற வழியுரிமை பற்றிய பிரிவுகள் 2024 ஜூன் 26 முதல் நடப்பில் உள்ளன. அதற்கான விதிகள் 2025 ஜனவரி 1 முதல். தனியார் மண் என்றால் கம்பெனி முதலில் உரிமையாளரிடம் உடன்பாட்டுக்குப் போக வேண்டும். அந்த வேலை கம்பெனியுடையது. 'கஸ்டமர் பெர்மிஷன் வாங்கித் தரணும்' என்று எழுதிவிட்டு நழுவுவது எனக்கு ஒப்பவே இல்லை. ஒரு வயதான அம்மாவைப் போய் அண்டை வீட்டாரிடம் கெஞ்சு என்று அனுப்புகிற காரியம் அது. சண்டையை மூட்டியதில் அந்த ஒரு வரிக்குப் பெரிய பங்கு.

பொள்ளாச்சிக்குப் போனது

டீச்சரும் நானும் பஸ் ஏறித் தோட்டத்துக்காரர் வீட்டுக்குப் போனோம். தம்பியைக் கூட்டிப்போகவில்லை. மோர் கொடுத்தார். கொஞ்ச நேரம் மழையைப் பற்றியும் தேங்காய் விலையைப் பற்றியும் பேசினோம். பிறகு அவரே ஆரம்பித்தார்.

"ஏனுங்ணா, கெள போனாப் போகுது. ரெண்டு வருசத்துக்கு முன்னால வயர் கட்டறவனுக வந்தானுக. கிளுவை வேலியப் பிரிச்சுப்போட்டு உள்ள பூந்திருக்கறானுக. வெட்டுன கெளைய சொட்டுநீர்க் குழாய்மேலயே போட்டுட்டு, வேலியக் கட்டாமப் போயிட்டானுக. ராத்திரி எருமை பூந்து புதுசா வெச்ச தென்னம்புள்ளை அத்தனையும் போச்சு. நம்ம மண்ணுல கால வெக்கறதுக்கு முன்னால ஒரு வார்த்தை கேக்கோணுமா இல்லீங்களா?"

டீச்சர் முகம் மாறிவிட்டது. "தம்பி, இது எனக்குத் தெரியாதே. என் வீட்டுக்கு வந்த கம்பிக்காகவா இத்தனை நடந்துச்சு?" என்றார்.

"உங்களுக்குத் தெரியாதுன்னு எனக்கும் தெரியுங்க டீச்சரம்மா. ஆனா யாரக் கேக்கறது? போன் போட்டா இந்தி பேசறாங்க."

இரண்டு வருடமாக மனதில் கிடந்தது இதுதான். மரத்தைப் பற்றி அதற்குமேல் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை.

அவருக்கு இன்னொரு குழப்பமும் இருந்தது. தன் ஊர் வி.ஏ.ஓ.விடம் கேட்டிருக்கிறார், 'அது கேரளா, நான் ஒன்றும் செய்ய முடியாது' என்று சொல்லிவிட்டாராம். சரியான பதில்தான். குடியிருப்பு எங்கே என்பது கணக்கில்லை. மரம் நிற்கிற மண் எந்த வில்லேஜ் ஆபீஸில் வருகிறதோ, அந்தப் பக்கத்துப் பஞ்சாயத்தும் ஆர்.டி.ஓ.வும் நீதிமன்றமும்தான். எல்லை ஊர்களில் இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் இரண்டு தரப்பும் இரண்டு மாநிலத்து ஆபீஸ்களில் அலைந்துகொண்டிருக்கும்.

வேண்டாம் என்று நான் தடுத்த மனு

தம்பி ஒரு மனுவை டைப் செய்து வைத்திருந்தான். மரம் விழும் நிலையில் இருக்கிறது, உயிருக்கு ஆபத்து, உடனே அகற்ற உத்தரவிட வேண்டும் என்று. இதற்குச் சட்டத்தில் இடம் உண்டு. கேரளப் பஞ்சாயத்து ராஜ் சட்டப்படி ஆபத்தான மரத்தைச் சரிசெய்யப் பஞ்சாயத்து உத்தரவிடலாம். விழக்கூடிய மரத்தை அகற்றவோ முட்டுக் கொடுக்கவோ நிர்வாக மாஜிஸ்ட்ரேட்டும் உத்தரவிடலாம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133-ஆம் பிரிவு அது, இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 152. ஆனால் அந்த மரம் விழுகிற மரம் இல்லை. வேர் உறுதி, தண்டில் பொந்து இல்லை, சாய்வு இல்லை. இணைப்புக்காக ஒரு நல்ல மரத்தை ஆபத்து என்று எழுதுவது பொய். அதை அனுப்பினால் நான் இந்த வேலையில் இல்லை என்றேன். அவன் கிழித்துப் போட்டான்.

இட்டேரி

ரோட்டிலிருந்து டீச்சர் வீட்டுக்கு ஒரு இட்டேரி வருகிறது. இரண்டு பக்கமும் கிளுவை வேலி வைத்த பழைய வண்டித்தடம். அது யாருடையது என்று கேட்டால் ஆளுக்கொரு பதில். வில்லேஜ் ஆபீஸ் ஸ்கெட்சில் புறம்போக்கு வழி என்றும், பஞ்சாயத்தின் ஆஸ்தி ரெஜிஸ்டரில் ரோடு என்றும் இருந்தது. ஆக, பொதுமண். இதன் வழியாகச் சுற்றி வந்தால் 115 மீட்டர். இரண்டு புதுத் தூண் போட்டால் கம்பி யார் தோட்டத்துக்கு மேலேயும் போக வேண்டாம். அந்தக் காலத்தில் இரண்டு தூணை மிச்சம் பிடிக்கத்தான் தோப்பைக் குறுக்கே வெட்டிப் போயிருக்கிறார்கள்.

தூண் நட மனுப் போட வேண்டியது கம்பெனி. டீச்சர் பஞ்சாயத்து செக்ரட்டரிக்குத் தனியாக ஒரு கடிதம் எழுதினார், தமிழில். கேரள அரசு மொழிகள் சட்டம் 1969-இன்படி, மொழிச் சிறுபான்மைப் பகுதிகளாக அறிவித்த இடங்களில் தமிழர்கள் அரசு அலுவலகங்களுக்குத் தமிழிலேயே எழுதலாம், பதிலையும் தமிழில் பெறலாம். எங்கள் பகுதியில் பலருக்கு இது தெரியாது. தெரிந்தவர்களும் கூச்சப்பட்டு மலையாளத்தில் யாரையாவது எழுதச் சொல்வார்கள், சொல்ல வந்தது பாதி விட்டுப்போகும். டீச்சர் ஒன்றரைப் பக்கத்தில் வரைபடத்தோடு எழுதியது எந்த வக்கீல் நோட்டீசையும்விடத் தெளிவாக இருந்தது.

தூண் வர நாள் ஆகும். அதுவரைக்கும் லைன் வேலை செய்ய வேண்டும். அதற்காகத் தோட்டத்துக்காரரும் டீச்சரும் கம்பெனி சூப்பர்வைசரும் கையெழுத்துப் போட்ட ஒரு தாள் தயாரானது. எந்த நாள், எத்தனை மணிக்குள், எத்தனை ஆள் என்று அதில் இருந்தது. படலைத் திறந்து வர வேண்டும், வேலியில் கை வைக்கக்கூடாது. எந்தக் கிளை, எந்த இடத்தில் வெட்டு என்பதற்குச் சாயக் குறி. விறகு தோட்டத்துக்கு. குழாயோ பயிரோ சேதமானால் அன்றைக்கே படம் எடுத்து, கம்பெனி சரிசெய்ய வேண்டும். இந்த அனுமதி அந்த ஒரு நாளுக்கு மட்டும், இதனால் நிரந்தர உரிமை எதுவும் உண்டாகாது. கடைசி வரி தோட்டத்துக்காரருக்காக நான் சேர்த்தது. அடுத்தவர் நிலத்தை அனுபவிக்கிற உரிமை பற்றிய ஈஸ்மெண்ட் சட்டத்தில் 20 வருடம் தடையில்லாமல் அனுபவித்தால் உரிமையாகிவிடும் என்ற பயம் நிலம் வைத்திருக்கிற எல்லாருக்கும் உண்டு. அந்தப் பயத்தில்தான் பல பேர் நல்ல மனசிருந்தும் சம்மதம் சொல்வதில்லை. அனுமதி கேட்டு நுழைந்தது அந்தக் கணக்கில் சேராது என்று எழுதிக் கொடுத்ததும் அவர் கையெழுத்துப் போட்டார்.

வேலை நடந்த காலை

ஞாயிறு காலை ஆறரை மணி. வெயில் ஏற ஏறக் காற்றும் ஏறும் என்பதால் அந்த நேரம். மின்வாரியத்தில் சொல்லி சர்வீஸ் லைனை ஆஃப் செய்திருந்தார்கள். மரம் ஏறுகிறவர் கோவிந்தாபுரத்திலிருந்து வந்தார், கைதேர்ந்தவர். குறித்த கிளையை முதலில் கவட்டையில் கயிறு போட்டுத் தாங்கினார். கீழிருந்து மூன்றில் ஒரு பங்கு அடிவெட்டு, பிறகு ஒரு சாண் தள்ளி மேல்வெட்டு. கிளை பட்டையை உரிக்காமல் முறிந்து, கயிற்றில் மெதுவாக இறங்கியது. மிஞ்சிய கட்டையை, கிளை மரத்தோடு சேருகிற இடத்துப் புடைப்பான கழுத்து வளையத்தை ஒட்டி அறுத்தார். தம்பி வெட்டிக் கிழித்த பழைய காயத்தையும் அவரே ஒழுங்கு செய்தார். கீழே நின்று கயிறு பிடித்தது தம்பிதான். அவனை வரச்சொன்னது டீச்சர்.

ஃபைபரில் வருகிற ஒளியின் பலத்தை டிபிஎம் (dBm) கணக்கில் அளக்கிற பவர் மீட்டரில் முன்னால் மைனஸ் 29. வீட்டுக் கருவி பொதுவாக மைனஸ் 27-க்குக் கீழே ஒளியைப் பிடிக்காது. கிளை இறங்கி, ஃபைபரைத் தளர்த்தி வேறு கொக்கியில் மாட்டியதும் மைனஸ் 21. பச்சை விளக்கு நின்றது.

இனிமேல் இந்த வேலைக்கு எது சரியான காலம் என்று குத்தகைக்காரர் கேட்டார். புளி உலுக்கி முடிந்தபின், சித்திரையில். காய்க்கும் நட்டமில்லை, ஜூன் வாக்கில் தொடங்கும் இடவப்பாதி மழைக்கும் ஆடிக்காற்றுக்கும் முன்னால் கிளையும் இலேசாகிவிடும். ஆடியில் கம்பி அறுந்தபிறகு ஓடுவதுதான் வழக்கமாகிவிட்டது.

சர்வீஸ் வயருக்கும் இரண்டு நாள் மோட்டார் ஓடாததற்கும் டீச்சர் பணம் கொடுத்தார். தோட்டத்துக்காரர் வயருக்கு மட்டும் வாங்கிக்கொண்டு போலீஸ் புகாரைத் திரும்பப் பெற்றார். தென்னம்பிள்ளைக்குக் கம்பெனி இன்றுவரை எதுவும் தரவில்லை. அது பாக்கியாகவே நிற்கிறது, எழுதிக்கொண்டே இருக்கிறோம்.

ஓணத்துக்குப் பிறகு இட்டேரியில் இரண்டு தூண் வந்தது. தோப்புக்கு மேலே போன கம்பிகளைச் சுருட்டி எடுத்தார்கள். மரத்துக்குள் புதைந்த ஜி.ஐ. கம்பியை நோண்டி எடுக்க வேண்டாம், மரத்துக்குக் காயம் என்று சொல்லி, இரண்டு நுனியையும் பட்டையோடு சேர்த்து நறுக்கச் சொன்னேன். தோட்டத்துக்காரர் ஒரு டப்பா சிவப்புப் பெயிண்ட் கொண்டுவந்து, உள்ளே இரும்பு இருக்கிற உயரத்தில் மரத்தைச் சுற்றி ஒரு பட்டை அடித்தார். எந்தக் காலத்திலாவது அதை அறுக்க வருகிறவனின் ரம்பம் உடைந்து கையில் படக்கூடாதாம்.